அவசரத்தில் விட்டுப்போன எலும்புகள்: மைரா கல்லறைத் திருட்டு, 1087

தரையில் பதித்திருந்த பளிங்கைச் சம்மட்டியால் உடைத்தாயிற்று. அதற்குக் கீழே இருந்த கல்லறைப் பேழையின் மூடியும் நொறுங்கிவிட்டது. உள்ளே ஏதோ ஒரு திரவம் தளும்பிக் கிடந்தது. மத்தேயு என்ற மாலுமி கையை விட்டுத் துழாவினான். எலும்புகள் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே நீட்டினான். ஆனால் மண்டையோடு மட்டும் கைக்கு அகப்படவில்லை. வெளியே ஊர்க்காரர்கள் எந்த நேரமும் வந்துவிடலாம். உடுத்திய துணியோடு அப்படியே பேழைக்குள் இறங்கிவிட்டான். காலடியில் என்ன மிதிபடுகிறது என்று பார்க்க நேரமில்லை. ஒருவழியாகத் தலை கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்து மேலே ஏறினான்.

1087 ஏப்ரல் மாதம், இன்றைய துருக்கியின் தென்கரையில் உள்ள மைராவில் நடந்தது இது. அந்த ஊருக்கு இப்போது தெம்ரே என்று பெயர். கல்லறையில் இருந்தவர் 4-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் ஆயராக (பிஷப்பாக) இருந்த நிக்கோலாஸ். பிற்காலத்தில் உலகம் முழுக்கக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறிப்போன அதே நிக்கோலாஸ்தான்.

சரித்திர மர்ம நாவல்களை விரும்பிப் படிப்பவன் நான். இடைக்காலத் திருப்பண்டம் ஒன்று காணாமல்போவதும் அதைத் தேடி ஒரு துறவி கிளம்புவதும் அந்த வகைக் கதைகளின் பழகிய பாதை. அந்தப் பாதையில் எங்கே திரும்பினாலும் கடைசியில் இந்த வழக்கில்தான் வந்து நிற்பேன். திருடியவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, போட்டிக் கும்பல் இருக்கிறது, நடுக்கடலில் வாக்குமூலம் இருக்கிறது, 900 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த உடற்கூறு அறிக்கையும் இருக்கிறது. இந்த வழக்கின் முடிச்சு மத்தேயுவின் கால்களில் இருக்கிறது என்பது என் முடிவு. அது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எலும்புக்கு ஏன் இத்தனை மதிப்பு

புனிதர்களின் உடலெச்சத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருப்பண்டம் என்பார்கள், அருளிக்கம் என்றும் சொல்வார்கள். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு புனிதரின் எலும்பு இருக்கும் ஊரில் அந்தப் புனிதரே குடியிருப்பதாக அர்த்தம். நோயாளிகள் வருவார்கள், யாத்திரிகர்கள் வருவார்கள், காணிக்கை வரும், சந்தை கூடும். ஊரின் பெயரே மாறிவிடும்.

நிக்கோலாஸ் மற்றவர்களைவிட ஒரு படி மேல். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டுக்குள், மூன்று பெண்களுக்காக, இருட்டில் பொன்முடிப்புகளை வீசிவிட்டுப் போனவர் என்ற கதை அவருடையது. (நம் ஊரில் இந்தக் கதைக்கு விளக்கமே தேவையில்லை.) அதோடு அவர் மாலுமிகளின் காவலர். புயலில் சிக்கிய கப்பல்காரர்கள் கூப்பிட்ட பெயர் அவருடையதுதான். அவருடைய எலும்பைத் திருடப் போனவர்களும் கப்பல்காரர்களே. அவர்கள் மனதில் அது திருட்டாகவே படவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் உதவும்.

அவர் கல்லறையில் ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருந்தது. அதை மைரோன் என்று கிரேக்கர்கள் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். இத்தாலியில் அதற்கு மன்னா என்று பெயர். இந்தத் திரவம் இந்த வழக்கின் முக்கியமான தடயம். பின்னால் வருவோம்.

பாரிக்கு என்ன தேவை இருந்தது

இத்தாலியின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது பாரி. கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் தென் இத்தாலியை ஆண்ட காலத்தில் கேட்டபான் என்ற ஆளுநர் உட்கார்ந்திருந்த தலைநகரம் அது. 1071-இல் நார்மன் தலைவன் ராபர்ட் கிஸ்கார் ஊரைப் பிடித்தான். ஒரே நாளில் தலைநகரம் என்ற அந்தஸ்து போயிற்று. அதே 1071-இல், கிழக்கே மன்சிகெர்ட் போரில் பைசாந்தியம் செல்ஜூக் துருக்கியரிடம் தோற்றது. அனத்தோலியா (இன்றைய துருக்கி) முழுக்கப் பாதுகாப்பு குலைந்தது. மைராவின் குடிகள் பயந்துபோய் மேட்டுக் கோட்டைக்கு ஏறிவிட்டார்கள். கீழே கல்லறைக் கோயிலில் மிஞ்சியது சில துறவிகள் மட்டும்.

இரண்டு தோல்விகளும் ஒரே ஆண்டில் நடந்தவை. ஒன்று பாரிக்கு ஒரு புனிதரைத் தேவையாக்கியது, மற்றொன்று அந்தப் புனிதரைக் காவலில்லாமல் ஆக்கியது. நோக்கமும் வாய்ப்பும் இப்படித்தான் கூடிவந்தன.

சாட்சிகள்

சம்பவம் நடந்த கொஞ்ச காலத்திலேயே பாரியில் இரண்டு பேர் இதை எழுதி வைத்தார்கள். ஒருவர் நிக்கேபோரஸ் என்ற திருச்சபைப் பணியாளர். ஊர்ப் பெரியவர்கள் கேட்டு எழுதியவர். இன்னொருவர் தலைமைத் திருத்தொண்டர் யோவான். பேராயர் உர்சோவின் சொல்லுக்கு இணங்கி எழுதியவர். இரண்டு எழுத்துகளும் குற்றம் செய்தவர்களின் பக்கத்திலிருந்து வந்தவை என்பதை மறக்கக் கூடாது. மைராவிலிருந்து யாரும் எழுதி நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துறவிகளின் அழுகையைக்கூட அவர்களைக் கட்டிப்போட்டவர்களின் ஏட்டிலிருந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது உறுத்துகிறது.

ஆனால் இந்த இருவரும் ஒரே கட்சிக்காரர்கள் அல்ல. எலும்புகள் வந்த பிறகு யாருக்கு உரிமை என்று ஊரே இரண்டுபட்டது. ஒருவர் ஊர்மக்களின் ஆள், மற்றவர் பேராயரின் ஆள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லாத இருவர் ஒரே விவரத்தைச் சொல்லும் இடத்தை நம்பலாம். பளிங்கை உடைத்தது, பேழைக்குள் திரவம், எலும்புகளை வாரிக்கொண்டு ஓடியது ஆகிய விஷயங்களில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

இந்த மாதிரி ஏடுகளுக்கு அந்தக் காலத்தில் தனி வகையே இருந்தது. லத்தீனில் ‘திரான்ஸ்லாத்சியோ’, அதாவது இடமாற்றம் என்று தலைப்பிடுவார்கள். ‘ஃபுர்தா சாக்ரா’, புனிதத் திருட்டு, என்ற சொல்லும் உண்டு. இவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாதம் ஒன்றே: புனிதருக்கு விருப்பமில்லை என்றால் அவர் எலும்பை அசைக்கக்கூட யாராலும் முடியாது. அசைந்துவிட்டது, ஆகவே அவர் சம்மதித்துவிட்டார். படிக்கும்போது இது வக்கீலின் வாதமாகத் தோன்றலாம். எழுதியவர்கள் அதை மனதார நம்பினார்கள் என்பதுதான் உண்மை.

நடந்தது

நிக்கேபோரஸ் சொல்வது இது. பாரியிலிருந்து மூன்று கப்பல்கள் தானியம் ஏற்றிக்கொண்டு அந்தியோக்கியாவுக்குப் புறப்பட்டன. போகிற வழியிலேயே மைராவின் துறைமுகத்தில் நிறுத்தி, கப்பலில் இருந்த ஒரு யாத்திரிகரை வேவு பார்க்க அனுப்பினார்கள். துருக்கியத் தலைவர் ஒருவரின் சாவுக்கு ஏராளமான துருக்கியர் கூடியிருக்கிறார்கள் என்று அவர் வந்து சொன்னார். பேசாமல் மேலே போய்விட்டார்கள்.

அந்தியோக்கியாவில் வெனிஸ் நகரத்துக் கப்பல்காரர்களைப் பார்த்தார்கள். பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர்களும் அதே கல்லறைக்குத்தான் குறிவைத்திருக்கிறார்கள், உடைக்கக் கடப்பாரைகூடத் தயார். அவ்வளவுதான், பாரிக்காரர்கள் சரக்கை அவசரமாக விற்றுவிட்டு மைராவுக்குத் திரும்பினார்கள். இந்த வழக்கில் ‘அவசரம்’ என்ற சொல் முதலில் நுழையும் இடம் இது.

ஆயுதம் ஏந்திய 47 பேர் கரையிறங்கி நடந்தார்கள். மற்றவர்கள் கப்பலுக்குக் காவல். கோயிலில் முதலில் பக்தர்களாக வணங்கினார்கள். துறவிகளும் நம்பி, திரவம் எடுக்கும் இடத்தைக் காட்டிக் கொஞ்சம் எடுத்தும் கொடுத்தார்கள். அப்புறம் பேச்சு மாறியது. திருத்தந்தைக்கு (போப்புக்கு) புனிதர் கனவில் தோன்றினார், அவர் அனுப்பித்தான் வந்திருக்கிறோம் என்றார்கள்.

இந்தப் பொய்யை இன்று சரிபார்க்கலாம். மூன்றாம் விக்டர் 1086-இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாட்களிலேயே ரோமில் கலகம் மூண்டு, தன் பழைய மடமான மோன்டே காசினோவுக்குப் போய்விட்டார். முறைப்படி அவர் அபிஷேகம் செய்யப்பட்டது 1087 மே 9 அன்று. மைராவில் மாலுமிகள் அவர் பெயரைச் சொன்னபோது திருத்தந்தையின் இருக்கை கிட்டத்தட்டக் காலி. அவர் அபிஷேகம் ஆன அதே நாளில்தான் எலும்புகள் பாரியில் இறங்கின. இதை நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார்.

பொற்காசு தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். துறவிகள் மறுத்தார்கள். ஓடிப்போய் ஊரைக் கூட்டிவிடக் கூடாது என்று அவர்களைப் பிடித்துவைத்து, வழிகளில் ஆள் நிறுத்தினார்கள். மத்தேயு வாளை ஒரு துறவியின் முன் ஓங்கினான், இடத்தைக் காட்டாவிட்டால் உயிர் இருக்காது என்றான். கூட வந்திருந்த லூப்பஸ் என்ற குரு (பாதிரியார்), வாங்கிய திரவத்தைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஒரு தூணின் மேல் வைத்திருந்தார். இந்தக் களேபரத்தில் அது பளிங்குத் தரையில் சத்தத்தோடு விழுந்தது. உடையவில்லை. அதைப் புனிதரின் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். சம்மட்டி இறங்கியது.

எலும்புகளை ஒரு குருவின் மேலங்கியில் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்கள். செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்த ஊர்க்காரர்கள் உடுத்திய துணியோடு கடலுக்குள் இறங்கி, துடுப்புகளைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள் என்று நிக்கேபோரஸே எழுதுகிறார். கொண்டுபோனவர்களின் எழுத்தர் இதை மறைக்காமல் எழுதியதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நடுக்கடல் வாக்குமூலம்

கப்பல் நகரவில்லை. நாட்கணக்கில் எதிர்க்காற்று. யாரோ எலும்பில் ஒரு பங்கைத் தனக்கென்று ஒளித்துவைத்திருக்க வேண்டும், அதனால்தான் புனிதர் கோபமாக இருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. எல்லோரும் நற்செய்தி நூலின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. சிலர் ஒப்புக்கொண்டு, மடியில் முடிந்துவைத்திருந்த சிறு துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். காற்று திரும்பியது.

இந்த இடத்தைப் பலரும் அற்புதக் கதை என்று தாண்டிவிடுகிறார்கள். துப்பறிகிறவன் தாண்டக் கூடாது. மடியில் ஒளித்துவைக்கும் அளவுக்குச் சிறிய துண்டுகள் இருந்தன, கல்லறையிலிருந்து வெளியே வந்த எலும்புகளை யாரும் எண்ணவில்லை, முழு உடலும் வந்ததா என்று சரிபார்க்க அவர்களிடம் வழியே இருக்கவில்லை. இவ்வளவும் அந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

1087 மே 9, ஞாயிற்றுக்கிழமை, பாரி. கரையிலேயே சண்டை. தலைமைக் கோயிலில் வைக்க வேண்டும் என்றது பேராயர் தரப்பு. புனிதருக்குத் தனிக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு வந்திருக்கிறோம் என்றார்கள் மாலுமிகள். ஆயுதங்கள் வெளியே வந்தன, உயிர்களும் போயின. பெனடிக்டின் மடத்துத் தலைவர் எலியாஸ் நடுவராக நின்று எலும்புகளைப் பொறுப்பேற்றார். பழைய கேட்டபான் அரண்மனை வளாகத்திலேயே கோயில் எழுந்தது. பறிபோன ஆளுநர் இருக்கையின் இடத்தில் புனிதரின் இருக்கை! 1089-இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் நேரில் வந்து நிலவறையை அர்ச்சித்து எலும்புகளை உள்ளே வைத்தார். போய்வந்த 62 மாலுமிகளின் பெயர்ப் பட்டியல் இன்றும் இருக்கிறது.

வெனிஸ் சும்மா இருக்குமா

முதல் சிலுவைப் போரின்போது ஆயர் என்ரிக்கோ கொந்தாரினியோடு வெனிஸ் கடற்படை கிழக்கே போனது. வழியில் மைரா. கல்லறை உடைந்து கிடந்தது. பாரிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று காவலர்கள் சொன்னதை நம்பாமல் ஒருவரைச் சித்திரவதையும் செய்தார்கள். கடைசியில் எலும்புகள் கிடைத்தன என்று அறிவித்து, 1100 டிசம்பர் 6, புனிதரின் திருநாளிலேயே, வெனிஸுக்குக் கொண்டுவந்து லிடோ தீவின் கோயிலில் வைத்தார்கள்.

ஒரு புனிதர், இரண்டு ஊர், இரண்டு கல்லறை. இரண்டில் ஒன்று போலி என்றுதான் 850 ஆண்டுகள் உலகம் நினைத்தது.

உடற்கூறு அறிக்கை

1953-இல் பாரி நிலவறையில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. மே 5 இரவு, உர்பான் காலத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பேழை திறக்கப்பட்டது. பரிசோதித்தவர் பாரி பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் லூயிஜி மார்த்தினோ. மண்டையோடும் பெரிய எலும்புகளும் இருந்தன. உடைசலும் குறையும் நிறைய. எல்லாம் ஒரே ஆணுடையவை, வயது 70-ஐத் தாண்டியவர் என்று அவர் முடிவு செய்தார். ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, படமெடுத்து வைத்தார்கள்.

1992-இல் லிடோவின் பேழை திறக்கப்பட்டது. அழைக்கப்பட்டவர் அதே மார்த்தினோ, அப்போது முதியவர். இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 39 ஆண்டுகளுக்கு முன் தான் கையில் எடுத்துப் பார்த்த எலும்புக்கூட்டில் எது இல்லை என்று தெரிந்தவர் அவர்தான். லிடோ பேழையில் இருந்தவை முழு எலும்புகள் அல்ல, நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள். பாரியில் இல்லாதவை இங்கே இருந்தன. இரண்டும் ஒரே எலும்புக்கூட்டின் பகுதிகள் என்பதே அவர் கருத்து.

இப்போது மத்தேயுவிடம் திரும்புவோம். திரவம் நிறைந்த பேழை. அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. கைக்குப் பெரிதாகத் தட்டுப்படுவதை மட்டும் எடுக்கிறான். தலையைத் தேடி உள்ளே இறங்கும்போது, 700 ஆண்டு பழமையான, ஊறிப்போன எலும்புகள் காலடியில் நொறுங்குகின்றன. அவன் போன பிறகு பேழையில் எஞ்சியிருப்பது என்ன? துண்டுகள். வெனிஸ்காரர்கள் வாரிக்கொண்டு வந்தது என்ன? துண்டுகள். நிக்கேபோரஸ் தன் ஆளின் வீரத்தைக் காட்ட எழுதிய ஒரு வரி, அவருக்கே தெரியாமல், எதிர் ஊரின் உரிமைக்குச் சாட்சியாகிவிட்டது. வெனிஸ் பொய் சொல்லவில்லை, பாரியும் பொய் சொல்லவில்லை. ‘முழு உடலும் எங்களிடம்’ என்று இரண்டு ஊரும் சொல்லிக்கொண்டதுதான் தவறு.

இதற்கு வரம்பு உண்டு. மார்த்தினோ செய்தது வடிவத்தையும் அளவையும் வைத்த ஒப்பீடு, மரபணுச் சோதனை அல்ல. வெனிஸ் ஏட்டின்படி எலும்புகள் கிடைத்த இடமும் மத்தேயு உடைத்த பேழை அல்ல, வேறொரு பீடத்தின் அடி. அப்படியானால் பாரிக்காரர்கள் போன பிறகு மைராவின் துறவிகள் மிச்சத்தைக் கூட்டி அள்ளி மறைத்துவைத்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் அந்த எலும்புகளோடு வாழ்ந்தவர்கள் வேறென்ன செய்திருப்பார்கள்?

அதன் பிறகு வந்தவை சுருக்கமாக. 1950-களின் அளவுகளையும் படங்களையும் வைத்து இங்கிலாந்தில் கரோலின் வில்கின்சன் முகத்தை மீட்டுருவாக்கினார். மூக்கு உடைந்து கோணலாக ஆறியிருந்தது தெரிந்தது. 2017-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் இருந்த ஓர் இடுப்பெலும்புத் துண்டை ரேடியோகார்பன் முறையில் சோதித்தார்கள். நிக்கோலாஸுடையது என்று வணங்கப்பட்ட அந்தத் துண்டின் காலம் 4-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. திருப்பண்டங்கள் பல இந்தச் சோதனையில் பிந்தைய காலத்தவையாக வந்து விழும். இது விழவில்லை. ஆனால் கார்பன் காலத்தைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. அதே 2017-இல், மைராவின் கோயில் தரைக்கு அடியில் கலையாத ஓர் அறை கருவியில் தென்படுகிறது, உண்மையான கல்லறை அதுவாக இருக்கலாம், பாரிக்குப் போனது வேறொருவரின் எலும்பு என்று துருக்கிய அதிகாரிகள் தரப்பில் சொன்னார்கள். பாரி, லிடோ எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தினாலும் அந்த வாதத்துக்கு அது பதிலாகாது. பொருந்துவது ஒரே மனிதர் என்பதை மட்டும் காட்டுகிறது.

திரவம் என்ன ஆயிற்று? பாரி பேழையிலும் ஊறுகிறது. நிலவறை கடலுக்கு மிக அருகே இருக்கிறது. ஆண்டுதோறும் மே 9 மாலையில் பேழையின் சிறு திறப்பு வழியாக அதை எடுக்கிறார்கள். பார்க்கத் தெளிந்த தண்ணீர். நிறைய நீர் கலந்து, வண்ணம் தீட்டிய குப்பிகளில் ஊற்றி பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த விழா கத்தோலிக்கர்களோடு நிற்கவில்லை. எலும்புகள் வந்த நாளை ரஷ்யத் திருச்சபையும் விழாவாக ஏற்றுக்கொண்டது. 2017-இல் பாரியிலிருந்து ஒரு விலா எலும்பு ரஷ்யாவுக்குப் போனபோது மணிக்கணக்கில் வரிசையில் நின்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வணங்கினார்கள்.

அன்று கிரேக்கர்கள் அந்த மே 9 விழாவை ஏற்கவில்லை. மைராவில் தண்ணீரில் நின்று துடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் கிரேக்கர்கள்.